மங்கலம் சாலையில் நான் தோற்ற ஆட்டம்

என் மகள் மாலினி கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனதிலிருந்து தொலைபேசியில் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்: "நல்லா இருக்கேம்பா, நல்லா இருக்கேம்மா." நான் நம்பினேன். என் மனைவி ஜெயா நம்பவில்லை. "நல்லா இல்லாதவளும் அதைத்தான் சொல்லுவா. நீங்க போய்க் கண்ணால பார்த்துட்டு வாங்க. சேலை நகையெல்லாம் பார்க்க வேணாம். அந்த வீட்டுல அவ விருந்தாளியா இருக்காளா, வீட்டு மனுஷியா இருக்காளா, அதை மட்டும் பாருங்க" என்றாள். முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு கட்டிலில் கிடந்ததால் அவளால் வர முடியவில்லை. தைப்பிங்கிலிருந்து நான் மட்டும் புறப்பட்டேன்.

தைப்பிங் மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன ஊர். மழைக்கு ஒதுங்கியவன் வேறு என்ன செய்வான்? ஆடுவான். என் கார் உதிரிப்பாகக் கடைக்குப் பின்னால் சனிக்கிழமைதோறும் கூட்டாளிகள் கூடி, சதுரங்கத்திலிருந்து நேற்று சந்தைக்கு வந்த வியாபார ஆட்டம் வரை பலகை விரித்துவிடுவோம். அங்கே நான்தான் ராஜா. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. மாலினி பாவாடை கட்டிய காலத்திலிருந்து எங்களோடு உட்கார்ந்து ஆடியவள். குழந்தை என்று ஒரு நாளும் நான் அவளுக்கு விட்டுக் கொடுத்ததில்லை. அவள் அழுவாள். "ஆட்டத்துல அப்பன் என்ன, பிள்ளை என்ன?" என்பேன். பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, இதே பைத்தியம் பிடித்த ஒரு கூட்டத்தில்தான் பிரபுவைச் சந்தித்தாள். கல்யாணம் தைப்பிங்கில் நடந்தது. சம்பந்தி வீட்டார் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டார்கள். அதனால் அவர்களோடு உட்கார்ந்து பேசக்கூட எனக்கு வாய்க்கவில்லை.

வெயிலைப் பற்றி எழுதினால் திருப்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் ஊர் வெயில் வேர்க்க வைக்கும். இந்த ஊர் வெயில் வேர்வையையும் குடித்துவிடுகிறது. காரில் பிரபு ஓட்ட, மாலினி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பெனியாகக் காட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பனியனும் ஜட்டியும் போட்ட ஆண்கள் பிரம்மாண்டமான பலகைகளில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இத்தனை உள்ளாடையையும் யார்தான் போடுகிறார்கள் என்று கேட்டேன். "நீங்க போட்டிருக்கறதே இந்த ஊருதான் மாமா" என்றார் மாப்பிள்ளை.

வீடு மங்கலம் சாலையில் உள்ளடங்கி இருந்தது. பின்பக்கக் கட்டடத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் சின்ன யூனிட். அதற்கும் அப்பால் தறிகள். தறிச் சத்தம் தகரக் கூரையில் விழும் மழையைப் போல இருந்ததால் எனக்கு முதல் நிமிடமே ஊர் பிடித்துவிட்டது. சம்பந்தியம்மா ருக்குமணி வாசல் வரை வந்து கைகூப்பினார்.

"வாங்கண்ணா, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா? அண்ணிக்கு முட்டி இப்பத் தேவலைங்களா?"

அவர் மகன் என் மகளைக் கட்டியதால் நான் அவருக்கு அண்ணன் முறை. அவர் கணவர் துரைசாமி என்னை "மச்சான்" என்று கட்டிக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். பேச வேண்டியதையெல்லாம் புன்னகையிலேயே முடித்துவிடுவார்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். புழுங்கலரிசி மாவை ஆவியில் வேகவைத்து, சுடச்சுட நூல்நூலாகப் பிழிந்த சந்தகை. அதற்குத் தேங்காய்ப் பால் ஒரு பக்கம், நாட்டுக்கோழிக் குழம்பு ஒரு பக்கம். எங்கள் ஊர் நாசி லெமாக்கிலும் தேங்காய்ப் பால் உண்டு. ஆனால் அது சோற்றுக்குள் ஒளிந்திருக்கும். இங்கே வெள்ளமாக ஊற்றுகிறார்கள். வயிறு நிறைந்து கையை மடக்கினேன். "அட, இன்னும் ரெண்டே ரெண்டு வெச்சுக்கங்கண்ணா, ஒண்ணும் பண்ணாதுங்க" என்று ருக்குமணி நான்காக வைத்தார். சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனேன். வீடே பதறியது. ஒறம்பரை தட்டை எடுக்கக் கூடாதாம். ஒறம்பரை என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளி, சொந்தம். அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். என்ன பண்பு, என்ன மரியாதை என்று நெகிழ்ந்துபோனேன்.

பொழுது சாய்ந்ததும் துரைசாமி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். என்றோ சட்டை கொள்முதல் செய்ய வந்த ஒரு வெளிநாட்டுப் பையர் அன்பளிப்பாகக் கொடுத்த ஆட்டம். விதித்தாள் ஏதோ புரியாத பாஷையில் இருந்ததால், அட்டைப் படத்தைப் பார்த்து இவர்களாகவே விதி அமைத்துக்கொண்டார்கள். பலகையில் ஒரு தீவு, நடுவில் ஆறு, ஓரத்தில் துறைமுகங்கள். ஆளுக்குச் சில ஊர்கள்; அங்கே விளையும் பஞ்சு, உப்பு, மரம், இரும்புக்குச் சீட்டுகள். சீட்டைக் கொடுத்து ரோடும் பாலமும் போட வேண்டும். முதலில் நான்கு துறைமுகத்தைப் பிடித்தவர் ஜெயித்தவர். தொலைந்துபோன காய்களுக்குப் பதிலாகச் சட்டைப் பட்டன்கள். கறுப்பாக ஒரு சிப்பாய் உண்டு. அவனை யாருடைய ஊரில் நிறுத்துகிறோமோ அங்கே சரக்கு விளையாது. அவனுக்கு இந்த வீட்டில் வைத்த பெயர் 'கரண்டு கட்டு'. பிரபு பிற்பாடு அசல் விதிகளைத் தேடிக் கண்டுபிடித்தாராம். "அது அவிங்க ஊருக்குச் சரி, நம்மூருக்கு இதுதான்" என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

எனக்குக் கை பரபரத்தது. வந்த இடத்தில் அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு இரும்பு வேணுமுங்களா? ஒரு பஞ்சு குடுங்க, ரெண்டு இரும்பு தர்றனுங்க" என்றார் ருக்குமணி. தைப்பிங்கில் எவனும் இப்படி ஒரு பேரத்துக்கு வரமாட்டான். வாங்கிப் போட்டேன் ஒரு பாலம். துரைசாமி என் வழியில் ரோடு போட வந்து, தலையைச் சொறிந்து, வேறு பக்கம் போய்விட்டார். பிரபுவுக்குத் தன் முறை வந்ததே மறந்துபோனது. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். "அண்ணனுக்கு என்ன ரோசனைங்க!" என்று ருக்குமணி வியந்தார். பாவம், நல்ல மனிதர்கள், ஆட்டம்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜெயாவை அழைத்து, "திருப்பூரையும் பிடிச்சாச்சு" என்றேன். "பொண்ணைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் கூட்டாளிகளுக்குப் பனியன் வாங்கக் காதர்பேட்டைக்குப் போனோம். ருக்குமணியும் கூட வந்தார். சந்து முழுக்க மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே இந்தியாவின் எல்லா மொழிகளும். ஒரு வடநாட்டு வியாபாரி போனில் கத்திக்கொண்டிருந்தார். என்ன சண்டை என்று கடைப்பையனிடம் கேட்டேன். சண்டையில்லையாம். 'சாப்பிட்டியா, ஏன் சாப்பிடல' என்று மகளைக் கேட்கிறாராம். மகளைப் பெற்றவர்கள் எல்லா மொழியிலும் ஒரே ஜாதிதான்.

கடையில் ருக்குமணியைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். கடைக்காரர் விலை சொன்னார். இவர் ஒன்றும் பேசாமல் பனியனைத் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, வைத்துவிட்டு எழுந்தார். "என்னுங்க அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க?" "இல்லீங்க, நீங்க நல்ல விலைக்கு நல்லவிங்களாப் பார்த்துக் குடுத்துக்கங்க. நாங்க அக்கட்ட வேற கடையில பார்த்துக்கறமுங்க." இருவருக்கும் இடையில் 'ங்க' மட்டும் குறையவே இல்லை, விலைதான் குறைந்துகொண்டே வந்தது. இந்தக் கையா நேற்று எனக்கு ஒரு பஞ்சுக்கு இரண்டு இரும்பைத் தூக்கிக் கொடுத்தது என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. வெயிலில் அதை மேலே யோசிக்கவில்லை.

அன்று மாலையும் ஜெயித்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. கரண்டு கட்டு கையில் கிடைத்த போதெல்லாம் ருக்குமணி அவனை மாலினியின் ஊரிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் ஓடிக்கொண்டிருந்தது நான். அடிக்க வேண்டியது என்னை. "உன்ற ஊர்ல இன்னிக்கும் கரண்டு இல்லை கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மாலினி பாலம் போட வந்தால் அதற்கு முன்னால் ஒரு பட்டன். உப்பு கேட்டால் உப்பு இல்லை. அதே உப்பை அடுத்த முறை எனக்குத் தட்டில் வைக்காத குறையாக நீட்டினார். மாலினி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து எல்லார் தம்ளரையும் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. வேறு எந்த வீடாக இருந்தாலும் ஆட்டம்தானே என்று விட்டிருப்பேன். இது மகளைக் கொடுத்த வீடு. அப்பனுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே இத்தனை குத்து குத்துகிறவர், அப்பன் இல்லாதபோது என்ன செய்வார்? "நல்லா இருக்கியாம்மா?" என்று தனியாகக் கேட்டேன். "நல்லா இருக்கேம்பா." அதே பாட்டு. ஜெயா போனில் கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் வாங்கிய பனியனில் சில அளவு மாறியிருந்தன. மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினேன். பிரபு காரை எடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். மனசு சரியில்லாதவனுக்குப் பஸ்தான் நல்லது. சாலையில் ஒரு வண்டி நின்றது; பெண்கள் ஏறினார்கள்; நானும் ஏறினேன். கண்டக்டர் வரவே இல்லை. டிக்கெட் எங்கே வாங்குவது என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"டிக்கெட்டா? இது கம்பெனி வண்டில்லா அண்ணாச்சி! எங்க போறீய?"

தென்காசிப் பக்கத்துக்காரர். நான் காதர்பேட்டை என்றதும் வண்டி முழுக்கச் சிரிப்பு. வண்டி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. "நடுரோட்டுல எறங்கி வெயில்ல காயாதீய. கம்பெனி வாசல்ல ஆட்டோ நிக்கும்" என்று என்னை உட்கார வைத்து, முறுக்கு ஒன்றும் கொடுத்தார். முன் இருக்கையில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் ஒரே போனில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மற்றவனின் காயை வெட்டிவிட்டு எழுந்து ஆடாத குறை. என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "'ஒரே தட்டுல சாப்பிடுதோம்னு உன்ன விட்டுருவேன்னு நெனச்சியா'ங்கான்" என்றார் அந்த அம்மா. அவர்களோடு வேலை பார்த்து அவரும் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி வாசலில் காவலாளி ஒருவர் என்னை வேலைக்கு வந்தவன் என்று நினைத்து, "டெய்லரா, அயர்னிங்கா?" என்று கேட்டார். இந்த வயதில் என்னையும் ஓர் ஊர் வேலைக்கு அழைத்ததே என்ற பெருமையோடு ஆட்டோ பிடித்தேன். காதர்பேட்டைக்குப் போகும் ஆசை போய்விட்டது. வீட்டுக்கே விடச் சொன்னேன்.

அன்று சம்பந்தி வீட்டுப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்காக நிஜமாகவே கரண்டு கட்டு. தறிச் சத்தம் இல்லை, யூனிட்டும் ஓடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து மாலினியின் குரல் வீறிட்டது.

"அத்தை, இது அநியாயம்! கொஞ்சமாச்சும் மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

பனியன் பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

பாயில் பலகை விரித்திருந்தது. ருக்குமணி முந்தானையைச் செருகிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். "மனசாட்சியா? போன வாரம் என்ற துறைமுகத்தைப் புடுங்குனயே, அப்ப எங்க கண்ணு போச்சு அது?" என்றபடி ஒரு பட்டனை டக்கென்று வைத்தார். துரைசாமியா அது! பேசாத மனிதர், "பஞ்சுக்கு உப்பு, எடுத்தா எடு, இல்லாட்டி எந்திரி!" என்று பெற்ற மகனிடம் கத்திக்கொண்டிருந்தார். மாலினி மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள். ருக்குமணி அந்தக் கையில் ஓர் அடி வைத்தார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என்ன வேகம், என்ன கணக்கு! தைப்பிங் ராஜா அந்தப் பாயில் கால் நாழிகை தாங்கமாட்டான்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஒரே நொடியில் சாந்த சொரூபிகள் ஆனார்கள். "வாங்கண்ணா, வெயில்ல வந்தீங்களே, மோர் குடிக்கறீங்களா?" என்று ருக்குமணி எழுந்தார். முந்தானை கீழே இறங்கிவிட்டது.

மாலினியை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "என்னம்மா இது?"

அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். "அப்பா, இந்த வீட்டுல ஒறம்பரைய ஜெயிக்க மாட்டாங்க. உங்களுக்குத் தோக்கறதுக்காக ரெண்டு நாளா எல்லாரும் படாத பாடு படறாங்க. அத்தைக்கு உங்களை அடிக்க முடியாத கடுப்பு. அதுதான் எல்லாம் என் மேல விழுது."

"உன்னை மட்டும் தோக்கடிக்கலாமா?"

"நான் வந்த புதுசுல தீபாவளி வரைக்கும் நான்தான்ப்பா ஜெயிச்சேன். தினமும். ரெண்டு பஞ்சு, மூணு இரும்பு, எது கேட்டாலும் கொடுப்பாங்க. தட்டைத் தொட விட மாட்டாங்க. ஐயோ, அப்ப நான் எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா? எந்நேரமும் யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்த மாதிரியே இருக்கும். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நல்லா கவனிச்சுக்கறாங்கன்னு புகார் பண்ண முடியுமா? அப்புறம் ஒரு நாள், ஜெயிக்க இன்னும் ஒரு பாலம் இருக்கு, அத்தை கரண்டு கட்டைத் தூக்கி என் ஊர்ல வச்சாங்க. வச்சுட்டு, 'அந்தத் தம்ளரெல்லாம் எடுத்துட்டுப் போ கண்ணு'ன்னாங்க. ரூமுக்குப் போய் உங்களைக் கூப்பிட்டு நல்லா இருக்கேன்னு சொன்னேன். அன்னிக்குத்தான்ப்பா அது நிஜம்."

நான் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வயதான ஆண்கள் அழக் கூடாது என்பதெல்லாம் எங்கள் ஊர்ச் சட்டம், இது திருப்பூர். கண்ணைத் துடைத்ததும் அடுத்த கவலை வந்தது. அப்படியானால் அந்த இரண்டு வெற்றி? சீ, அவமானம்! ஜெயாவிடம் வேறு பீற்றிக்கொண்டேனே!

கிளம்புவதற்கு முந்தின நாள் நேராக விஷயத்துக்கு வந்தேன். "தங்கச்சி, இன்னைக்கு நிஜமா ஆடணும்."

"நாங்க நிசமாத்தானுங்கண்ணா ஆடறோம்" என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நான் விடவில்லை. ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டார். "ஒறம்பரையா வந்தவிங்களத் தோக்கடிச்சு அனுப்புனா, சோறு போட்டு என்னுங்க பிரயோசனம்? இந்த ஊட்டுல அது வழக்கமில்லீங்க."

மதியம் அரிசிம்பருப்பு சாதம். நெய் மிதக்க, குழைவாக, அப்பளத்தோடு. சாப்பிட்டு முடித்துத் தட்டை நானே எடுத்தேன். பதறி வந்த ருக்குமணியைப் பொருட்படுத்தாமல் கழுவினேன். துடைத்து வைத்தேன். அடுத்து துரைசாமியின் தட்டையும் எடுத்துக் கழுவினேன்.

"ஐயோ, அதை வெச்சுட்டு வாங்கண்ணா!"

"வந்ததுலேருந்து அண்ணா, அண்ணாங்கறீங்க. வாய்க்கு மட்டும்தான் அண்ணனா? தங்கச்சி வீட்டுல தட்டுக் கழுவினா எனக்குக் கை தேஞ்சா போயிடும்?"

ருக்குமணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த துடைப்பத்தைக் காட்டி, "அப்படீன்னா பாய் போடற எடத்தையும் கூட்டிருங்கண்ணா" என்றார். துரைசாமிக்கு மூச்சே நின்றுவிட்டது. நான் கூட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. நான் ஒரு பஞ்சை நீட்டி, பழக்க தோஷத்தில் இரும்பு கேட்டேன். "ஒரு இரும்புக்கு மூணு பஞ்சுங்கண்ணா. விலை ஏறிப்போச்சுங்க" என்றார் தங்கச்சி. முந்தானை இடுப்புக்கு ஏறியிருந்தது. துரைசாமி தலையைச் சொறியாமல் என் ரோட்டுக்குக் குறுக்கே ரோடு போட்டார். என் ஊர்கள் ஒவ்வொன்றாக இருளில் மூழ்கின. "மன்னிச்சுக்கங்கண்ணா, இன்னிக்கு உங்க பக்கம் கரண்டு வராதுங்க" என்று ருக்குமணி ஒவ்வொரு முறையும் மரியாதை குறையாமல் சொல்லிவிட்டுத்தான் சிப்பாயை வைத்தார். வேர்த்துக் கொட்டியது எனக்கு. ஆறு ஒன்றுதான் பாக்கி. அதைத் தாண்டிவிட்டால் தெற்குத் துறைமுகம் என் கையில். முகத்தில் ஒன்றும் காட்டாமல் சீட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை" என்றாள் மாலினி. "அப்பா எப்பவும் கடைசில ஆத்தைத் தாண்டித்தான் வருவாரு. தைப்பிங்ல எல்லாருக்கும் தெரியும். கீழ்ப் பாலத்தை மறிச்சுருங்க."

"அடிப்பாவி! யாரு பெத்த பொண்ணுடி நீ?"

"ஆட்டத்துல அப்பன் என்ன, பிள்ளை என்ன?" என்றாள். ருக்குமணி கீழ்ப் பாலத்தில் ஒரு பட்டனை வைத்தார். மாமியாரும் மருமகளும் என் தலைக்கு மேலே கையைத் தட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் கிளம்பும்போது ருக்குமணி ஒரு டப்பா முறுக்கையும், "அடுத்த தடவை ஆட்டத்தைப் பழகிட்டு வாங்கண்ணா" என்ற வார்த்தையையும் கொடுத்தார். விமான நிலையத்தில் உட்கார்ந்து ஜெயாவை அழைத்தேன். ஒறம்பரைக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவள் ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்கவில்லை.

"கடைசி ஆட்டத்துல தோத்துட்டீங்களா?"

"படுதோல்வி."

"பொண்ணு யார் பக்கம் இருந்தா?"

"அவங்க பக்கம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"சரி" என்றாள். "போன வேலை முடிஞ்சுது. நீங்க வந்து சேருங்க."